நம் பிள்ளை மீது பழி வந்தால்

வணிகர் குடும்பப் பாடம்



வரி விவரம், எடையளவுச் சட்டம், உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று நம் தொழிலுக்கு வேண்டிய பாடங்களை நாம் தேடித் தேடிப் படிக்கிறோம். இந்த முறை நான் எழுத எடுத்துக்கொண்டது கேட்பதற்கே கசப்பான ஒரு விஷயம். கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஒருவர் வந்து, "அண்ணாச்சி, உங்கள் பையன் ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டானாம்" என்று காதோரம் சொன்னால், பெற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதே இந்தப் பாடம்.

சரக்கில் வண்டு விழுந்தால் என்ன செய்வது, செக் திரும்பி வந்தால் என்ன செய்வது, அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் எந்தக் கணக்கைக் காட்டுவது என்றெல்லாம் நமக்குத் தெரியும். இதற்கு மட்டும் யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. "நம் வீட்டில் அப்படி நடக்காது" என்று இருந்துவிடுகிறோம். நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரத்தில் இருப்பவன் நான். நல்ல குடும்பங்களிலும் இது நடந்ததைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை செய்த காரியத்தைவிட, அந்த முதல் நாளில் பதற்றத்தில் தகப்பன் செய்த காரியம் பெரிய கேடாக முடிந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆகவே இதையும் ஒரு பாடமாகப் படித்து வைப்பது நல்லது.

இரண்டு தவறான வழிகள்

செய்தி வந்தவுடன் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போய்விடுகிறார்கள்.

முதல் வழி, "என் பிள்ளை அப்படிச் செய்யவே மாட்டான்" என்று சாதிப்பது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. புகார் சொன்னவர் மீது பாய்வது, யாரைப் பிடித்தால் வழக்கை அமுக்கலாம் என்று அலைவது, வீட்டில் இருப்பதை ஒளித்து வைப்பது, பிள்ளையை இரவோடு இரவாக வெளியூர் அனுப்புவது எல்லாம் இந்த வழியில் வருபவை.

இரண்டாவது வழி, "நீ என் பிள்ளையே இல்லை" என்று தலைமுழுகுவது. எதையும் கேட்காமல் தெருவில் வைத்து அடிப்பது, வீட்டை விட்டு விரட்டுவது, ஊரார் முன்னால் தானே அவனைக் குற்றவாளி என்று சொல்லிவிடுவது. மானத்துக்கு அஞ்சி வாழ்பவர்கள் நாம். கடையின் பெயர் கெட்டுவிடுமே என்ற பயத்தில் இப்படிச் செய்துவிடுகிறோம்.

இரண்டிலும் ஒரே குறைதான். இருப்பு எடுக்காமலே கணக்கை முடித்துவிடுகிறோம். சரக்கு குறைகிறதா, கூடுதலாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்காமல் எந்த வியாபாரியாவது பேரேட்டில் எழுதுவாரா? பிள்ளை விஷயத்திலும் முதலில் உண்மை தெரிய வேண்டும். அதுவரை அவனைக் குற்றமற்றவன் என்று சாதிக்கவும் வேண்டாம். குற்றவாளி என்று ஒதுக்கவும் வேண்டாம். அவன் பக்கத்தில் நிற்போம். உண்மையின் குறுக்கே நிற்காமல் இருப்போம். இந்தக் கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்.

நாம் அறிந்த இரண்டு கதைகள்

கோவலன் ஒரு வணிகன் மகன். புகாரில் பெருவணிகராக இருந்த மாசாத்துவானின் பிள்ளை. மதுரையில் சிலம்பு விற்கப் போனவனைப் பொற்கொல்லன் திருடன் என்று காட்டிக்கொடுத்தான். அவன் சொல்லை மட்டும் நம்பிப் பாண்டியன் கொலைத் தண்டனை கொடுத்துவிட்டான். அரசியின் சிலம்புக்குள் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்புக்குள் இருந்தது மாணிக்கம். உடைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். "பொருளைச் சோதித்துப் பாருங்கள், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று கேட்க அந்த அயலூரில் கோவலனுக்கு ஓர் ஆள் இல்லை. செய்தி கேட்ட மாசாத்துவான் தன் செல்வத்தையெல்லாம் தானம் செய்துவிட்டுப் பௌத்தத் துறவியானார் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பழி வந்த பிள்ளைக்குப் பெற்றவர் செய்ய வேண்டிய முதல் உதவி எது என்பது இந்தக் கதையில் இருக்கிறது. "முறைப்படி விசாரியுங்கள்" என்று கேட்கும் குரலாக இருப்பதே அது.

மற்றொன்று திருவாரூர்க் கதை. இளவரசனின் தேர்க்காலில் கன்று அடிபட்டு இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மனுநீதிச் சோழன் தன் ஒரே மகன் மீது தானே தேரைச் செலுத்தினான். திருவாரூரில் கல்தேராகவும், சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலையாகவும் அந்தக் கதை இன்றும் நிற்கிறது. இதைப் படித்துவிட்டு, நேர்மையான தகப்பன் என்றால் மகனைத் தானே தண்டிக்க வேண்டும் என்று சிலர் எண்ணுகிறார்கள். மனுநீதிச் சோழன் அரசன். அந்த நாட்டில் அவனே நீதிபதி. நாம் கடைக்காரர்கள். தண்டனை கொடுக்கும் வேலை நமக்கு இல்லை. அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. சோழனிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பசு அடித்தாலும் மணி மணிதான் என்று அவன் எழுந்து வந்தான். நம் பிள்ளையால் பாதிக்கப்பட்டவர் எவ்வளவு எளியவராக இருந்தாலும் அவர் அடிக்கும் மணி நம் காதில் விழ வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

செய்தி கேட்டவுடன் முதலில் அது உண்மையா என்று பாருங்கள். இப்போது, "உங்கள் மகன் போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டான், உடனே பணம் அனுப்பினால் விட்டுவிடுவோம்" என்று போலீஸ் வேடத்தில் போன் செய்து ஏமாற்றும் கும்பல்கள் இருக்கின்றன. வீடியோவில் சீருடையோடு தோன்றி "டிஜிட்டல் கைது" என்றும் மிரட்டுவார்கள். போனிலேயே கைது செய்வது என்ற ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. போனை வைத்துவிட்டுப் பிள்ளையை நேரடியாக அழையுங்கள். காவல் நிலையத்தின் பெயர் சொன்னால் அங்கேயே விசாரியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

செய்தி உண்மையாக இருந்து, பிள்ளையும் வீட்டில் இருந்தால், கடையை ஆளிடம் விட்டுவிட்டு அவனோடு உட்காருங்கள். அடிக்காதீர்கள். அடிக்குப் பயந்து சொல்லும் வார்த்தை உண்மையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. செய்ததை மறைக்கவும் செய்வான்; செய்யாததை ஒப்புக்கொள்ளவும் செய்வான். "என்ன நடந்தது? யாருக்காவது அடிபட்டிருக்கிறதா? யாருக்காவது நஷ்டமா?" என்று கேளுங்கள். அடிபட்டவர் உயிருக்குப் போராடுகிறார் என்றால் முதல் வேலை 108-ஐ அழைப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அன்று இரவு அவனைத் தனியாக விடாதீர்கள். மாட்டிக்கொண்ட பிள்ளைகள் அவமானத்தில் தவறான முடிவுக்குப் போவதுண்டு. பழி வந்தால் துடைக்கலாம், பிள்ளை போனால் திரும்ப வராது. "என்ன ஆனாலும் நான் கூட இருப்பேன், ஆனால் பொய் சொல்ல மாட்டேன்" என்று தகப்பன் சொல்லும் ஒரு வார்த்தை அவனைத் தாங்கும். மனம் மிகவும் உடைந்திருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அம்மாவையும் கவனியுங்கள். பல வீடுகளில் "நீ கொடுத்த செல்லம்தான்" என்று பழி முழுவதும் அவர் தலையில் விழுகிறது. அது நியாயமில்லை.

அடுத்தது வக்கீல். முழு விவரத்தையும் பிள்ளை வக்கீலிடம் சொல்லட்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கணவன் மனைவி பேசிக்கொண்டதற்கும், வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்கும் சட்டம் ஒரு மறைவுரிமை கொடுத்திருக்கிறது. பெற்றோரிடம் பிள்ளை சொன்னதற்கு அது இல்லை. நாளை நம்மையே சாட்சியாக அழைத்தால் தெரிந்ததைச் சொல்லத்தான் வேண்டும். ஆகவே துருவித் துருவி விசாரிக்கும் வேலையை நாம் செய்யாமல் வக்கீலிடம் விடுவதே முறை.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைகள், பெண்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100. "ஸ்டேஷனில் எனக்கு ஆள் இருக்கிறது, இவ்வளவு கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்று வரும் தரகரைக் கடை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மறைத்தால் என்ன ஆகும்?

"பெற்ற பாசத்தில் மறைத்தேன், சட்டம் என்னை ஒன்றும் செய்யாது" என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சொல்வதைப் பாருங்கள்.

குற்றம் செய்தவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்ற ஒளித்து வைப்பது பிரிவு 249-இன்படி குற்றம். இதில் விலக்கு கணவனுக்கும் மனைவிக்கும் மட்டுமே உண்டு. தாய் தந்தைக்கு இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் நிலைமை இதுதான். சாட்சியத்தை அழிப்பதும், குற்றவாளியைக் காப்பாற்றப் பொய்த் தகவல் கொடுப்பதும் பிரிவு 238-இன்படி குற்றம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதோ வைத்திருப்பதோ பிரிவு 317-இன்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரியது. கொலை, கொள்ளை போன்ற பெருங்குற்றங்கள் நடந்தது தெரிந்தால், தகுந்த காரணம் இல்லாத நிலையில் காவல்துறைக்கோ நீதித்துறை நடுவருக்கோ தகவல் தர வேண்டிய கடமையையும் நடைமுறைச் சட்டம் விதித்திருக்கிறது.

ஆகவே பிள்ளையின் செல்போனில் உள்ளதை அழிக்காதீர்கள். இரத்தக்கறை பட்ட சட்டையைத் துவைக்காதீர்கள். கடையின் கேமராப் பதிவை நீக்காதீர்கள். வீட்டில் அயலார் பொருள் இருந்தால் எரிக்கவோ கிணற்றில் போடவோ விற்கவோ வேண்டாம். வக்கீல் மூலமாக, எழுத்துப்பூர்வமான அத்தாட்சியோடு ஒப்படையுங்கள்.

2024 மே 19 அதிகாலையில் புனே நகரில் ஒரு விலையுயர்ந்த கார் மோதி, இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். ஓட்டியது 17 வயதுச் சிறுவன் என்று வழக்கு. முதல் நாளில் ஜாமீன் கொடுத்தபோது 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்ன நிபந்தனை நாடு முழுவதும் பேசப்பட்டது. அதற்குப் பின் நடந்ததே நமக்குப் பாடம். சிறுவனின் இரத்த மாதிரிக்குப் பதிலாகத் தாயின் இரத்தம் வைக்கப்பட்டது என்றும், குடும்பத்தின் டிரைவரைப் பழியை ஏற்கச் சொல்லி மிரட்டி அடைத்து வைத்தார்கள் என்றும் போலீஸ் குற்றம் சாட்டியது. தந்தை, தாய், தாத்தா மூவருமே கைதானார்கள், மருத்துவர்களும் கைதானார்கள். இவை போலீஸ் தரப்புக் குற்றச்சாட்டுகள். மெய்யா பொய்யா என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் ஒரு பிள்ளை மீது வந்த வழக்கு எப்படி மூன்று தலைமுறை மீதும் வழக்காக மாறும் என்பதை இந்தியா முழுவதும் பார்த்தது.

சட்டம் தரும் பாதுகாப்பு

நேர் வழியில் போனால் பிள்ளையைச் சட்டம் விழுங்கிவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. சட்டத்தில் பாதுகாப்பும் இருக்கிறது. தெரிந்துகொண்டால்தான் கேட்டுப் பெற முடியும்.

பிள்ளைக்கு 18 வயது முடியவில்லை என்றால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் பொருந்தும். அவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஜாமீன் கொடுப்பதே பொது விதி; மறுத்தால் காரணம் எழுத வேண்டும். வெளியே விடாத நிலையில் கூர்நோக்கு இல்லத்தில் வைப்பார்கள். அவன் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடுவது குற்றம். கொலை போன்ற கொடுங்குற்றமாக இருந்து வயது 16-க்கு மேல் 18-க்குள் இருந்தால் மட்டும், பெரியவர் போல விசாரிக்கலாமா என்று குழுமம் ஆராயும். மற்ற வழக்குகளில் தண்டனை வந்தாலும் பிற்கால வேலைக்கோ படிப்புக்கோ அது தகுதிக் குறைவு ஆகாது என்று சட்டமே சொல்கிறது. ஆகவே முதலில் கையில் எடுக்க வேண்டிய காகிதம் பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்றிதழ்.

18 வயது முடிந்திருந்தாலும் உரிமைகள் உண்டு. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த கட்டளைகள் பிறகு சட்டத்திலும் இடம்பெற்றன. கைது செய்பவர் பெயர் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ உள்ளூர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்து இட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உறவினருக்குச் சொல்ல வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியல் சட்டம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்றத்துக்குச் சாட்சியமாக வைக்க முடியாது. பெண் பிள்ளையாக இருந்தால், மிக அவசியமான சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பின் உதிக்கும் முன் கைது செய்யக் கூடாது.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தேவையில்லை என்று தோன்றினால் போலீஸ் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு வரச் சொல்லும். அந்த நோட்டீஸை மதித்துத் தவறாமல் போய்வந்தால் கைதைத் தவிர்க்க வழி இருக்கிறது. ஓடி ஒளிந்தால் அந்த வழியை நாமே அடைத்துக்கொள்கிறோம்.

கடைத்தெருவில் இன்று வரும் வழக்குகள்

நம் வீட்டுப் பிள்ளைகள் குற்றம் என்று தெரியாமலே மாட்டிக்கொள்ளும் இரண்டு வகைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுவது. எங்கள் பக்கத்து ஊரில் ஒரு மளிகைக்கடைக்காரரின் மகன், கல்லூரியில் படிக்கிறவன். "உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறோம்" என்று நண்பர்கள் சொன்னதை நம்பினான். சில வாரத்தில் கணக்கு முடக்கப்பட்டது. வேறு மாநிலத்திலிருந்து போலீஸ் நோட்டீஸ் வந்தது. வந்த பணம் எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பிடுங்கிய பணம். அந்தத் தகப்பனார் மகனை அடிக்கவில்லை, ஒளிக்கவும் இல்லை. வக்கீலோடு நோட்டீஸில் சொன்ன தேதிக்கு மகனை அழைத்துக்கொண்டு போனார். வங்கிக் கணக்கு விவரம், நண்பர்கள் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் அப்படியே ஒப்படைத்தார். கமிஷனாக வந்த பணத்தையும் கணக்கில் காட்டினார். வழக்கு உடனே தீர்ந்துவிடவில்லை, வாய்தாவுக்கு நடந்தார்கள். ஆனால் அந்தப் பையன் இன்று கடையில் தகப்பனுக்குத் துணையாக நிற்கிறான். கடையின் நடப்புக் கணக்கு, க்யூஆர் அட்டை, சிம் கார்டு ஆகியவற்றை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று உங்கள் பிள்ளைகளிடம் இன்றே சொல்லுங்கள்.

மற்றொன்று, சரக்கு கொண்டுபோய்க் கொடுக்க உரிமம் இல்லாத சிறுவனிடம் பைக்கைக் கொடுப்பது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 199-அ மிகக் கடுமையானது. 18 வயதுக்குட்பட்டவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்கத் தன்னால் இயன்றதைச் செய்தேன் என்றோ நிரூபிக்கும் பொறுப்பு நம் தலையில். "பக்கத்துத் தெருதானே" என்று சாவியைக் கொடுக்குமுன் இதை நினையுங்கள்.

எல்லோருக்கும் ஒரே எடைக்கல்

இப்போது சொல்லப்போவது சிலருக்குச் சுருக்கென்று இருக்கும்.

கல்லாவில் பணம் குறைந்தால் நாம் முதலில் யாரைப் பார்க்கிறோம்? கடைப்பையனைத்தான். சட்டைப்பையைச் சோதிக்கிறோம். ஊரிலிருந்து அவன் தகப்பனை வரவழைக்கிறோம். போலீஸுக்குப் போவேன் என்கிறோம். பிறகு எடுத்தவன் நம் மகனே என்று தெரிந்தால், "வீட்டு விஷயம், விடுங்கள்" என்று முடித்துவிடுகிறோம். வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைத்திருக்கும் வியாபாரியை நாம் மதிப்போமா? நம் பிள்ளைக்கு ஒரு எடைக்கல்லும் அடுத்தவன் பிள்ளைக்கு ஒரு எடைக்கல்லும் வைத்திருப்பதும் அதே மோசடிதான்.

நம் பிள்ளைக்கு நாம் கேட்கும் நியாயம் என்ன? விசாரிக்காமல் முடிவு கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, அவன் பக்கத்து நியாயத்தைக் கேட்க வேண்டும், சிறு தவறாக இருந்தால் திருந்த ஒரு வாய்ப்புத் தர வேண்டும். இவை அனைத்தும் கடைப்பையனுக்கும் உண்டு. தவறாகச் சந்தேகப்பட்டிருந்தால் எத்தனை பேர் முன்னால் சந்தேகப்பட்டோமோ அத்தனை பேர் முன்னால் அவனிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். நம் பிள்ளையின் பழியை ஏற்கச் சொல்லி ஒரு ஏழைப் பையனுக்குப் பணம் கொடுப்பது எல்லாவற்றிலும் கொடிய பாவம்.

குற்றம் உண்மையானால்

விசாரித்து, உண்மைதான் என்று தெரிந்துவிட்டால்? அப்போதும் தகப்பன் தகப்பன்தான். இரண்டு கடமைகள் வருகின்றன.

முதல் கடமை, பாதிக்கப்பட்டவருக்கு. நஷ்டத்தை ஈடு செய்யுங்கள். வக்கீலைக் கலந்துகொண்டு, ரசீதோடு செய்யுங்கள். வாயை அடைக்கக் கொடுக்கும் பணமாக அது ஆகிவிடக் கூடாது. சாதாரணத் திருட்டில் பொருளை இழந்தவர் மனம் ஒப்பினால் சமரசம் செய்துகொள்ளச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. முதல் முறை குற்றவாளி, திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால், சிறைக்குப் பதில் சமுதாய சேவையே தண்டனை என்று புதிய சட்டம் சொல்கிறது. திருப்பிக் கொடுப்பவனுக்கும் மறைப்பவனுக்கும் சட்டமே வேறுபாடு காட்டுகிறது.

இரண்டாவது கடமை, பிள்ளைக்கு. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, 21 வயதுக்குட்பட்டவரை, ஆயுள் தண்டனைக்குரியது அல்லாத குற்றங்களில், தக்க காரணம் எழுதாமல் சிறைக்கு அனுப்பக் கூடாது. நன்னடத்தைக்கு உறுதி வாங்கிக்கொண்டு விடுவிக்கலாம். அப்படிக் கேட்கும்போது நீதிபதி, இவனை ஏற்றுக்கொள்ள ஒரு வீடு இருக்கிறதா, கண்காணிக்க ஆள் இருக்கிறதா என்று பார்ப்பார். அங்கே போய் நிற்க வேண்டியவர் நாம்தான். தலைமுழுகிய தகப்பனால் அங்கே நிற்க முடியாது. பொய் சொல்லிப் பிடிபட்ட தகப்பன் நின்றாலும் பயனில்லை.

பெருங்குற்றமாகி, பிள்ளை சிறைக்கே போனாலும், மனுப் போட்டு நேர்காணலுக்குப் போய் வாருங்கள். அவன் செய்ததை ஏற்றுக்கொண்டதாக அது ஆகாது. அவன் திரும்பி வரும்போது நடக்க ஒரு வழி வேண்டும்.

குற்றம் பொய் என்று தெரிந்தால், அந்தச் செய்தியையும் வீட்டோடு வைத்துக்கொள்ளாதீர்கள். பழியைப் பேசிய கடைத்தெரு அது பொய் என்பதையும் கேட்க வேண்டும். நமது சங்கமும் இதில் துணை நிற்கலாம்.

மனத்தில் கொள்ள வேண்டியவை

1. செய்தி உண்மையா என்று முதலில் பார். போனில் கேட்டவருக்குப் பணம் அனுப்பாதே.
2. அடிக்காதே, விரட்டாதே, அன்று இரவு தனியாக விடாதே.
3. எதையும் அழிக்காதே, ஒளிக்காதே. பெற்றோருக்குச் சட்டத்தில் விலக்கு இல்லை.
4. தரகரைத் தவிர், வக்கீலைப் பார். இலவச உதவிக்கு 15100.
5. பிள்ளையின் வயதுச் சான்றை எடுத்து வை. 18-க்குட்பட்டவனுக்கு லாக்கப் கிடையாது.
6. பாதிக்கப்பட்டவரை மறக்காதே.
7. உன் பிள்ளைக்குக் கேட்கும் நியாயத்தைக் கடைப்பையனுக்கும் கொடு.

மாதக் கூட்டத்தில் கலந்து பேச

கல்லாவில் பணம் குறைந்தால் நம் கடையில் என்ன முறையில் விசாரிக்கிறோம்? வீட்டாருக்கும் வேலையாளுக்கும் முறை ஒன்றுதானா?

நம் ஊர் சட்டப் பணிகள் குழுவிலிருந்து ஒருவரை அழைத்து, உறுப்பினர்களின் பிள்ளைகளையும் உட்காரவைத்து, வங்கிக் கணக்கு மோசடி பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் என்ன?

நம்மில் ஒருவர் வீட்டில் இப்படி ஒன்று நடந்தால், அவர் கடைப்பக்கம் போவதை நிறுத்துவோமா, போய்ப் பக்கத்தில் உட்காருவோமா?

நண்பர்களே, ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பத்து நாள் பேசுவார்கள். ஆனால் "அவர் பிள்ளை தவறினான், அவர் தவறவில்லை" என்று கடைத்தெரு சொல்லுமானால், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பிள்ளையையும் கடையையும் மறுபடி நிமிர்த்திவிடலாம். அந்தப் பெயரையும் செலவழித்துவிட்டால் மீண்டும் முதலீடு செய்ய ஒன்றும் மிஞ்சாது.